ஒத்துக்கொண்டு கட்டிவிடுங்கள்!

"ஒத்துக்கொண்டு கட்டிவிடுங்கள்." கொங்கு நாட்டின் எந்தக் குற்றவியல் நடுவர் மன்றத்திலும், வாகன வழக்குக்காக வராந்தாவில் போய் நிற்பவர் காதில் முதலில் விழுகின்ற அறிவுரை இதுவேயாகும். சொல்பவர் சில வேளை காவல் நிலையத்திலிருந்து கட்டுகளோடு வந்திருக்கும் கோர்ட் ஏட்டு. சில வேளை வக்கீல் குமாஸ்தா. சில வேளை, போன வாரம் இதே இடத்தில் நின்று பழகிவிட்ட இன்னொரு எதிரி. அவ்விடத்தில் பேசவேண்டிய கடமையுள்ள ஒருவர் மட்டும் பேசுவதில்லை. அவர்தாம் அரசு உதவி வழக்கு நடத்துநர். ஏ.பி.பி. என்று மூன்றெழுத்தில் அவரைச் சுருக்கி அழைப்பார்கள். சிறு வழக்குகளில் அவருடைய பணியும் அவ்வாறே சுருங்கிப் போயிற்று என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

இந்தப் பதவி எளிதாக வந்ததன்று. 1898-ஆம் ஆண்டின் பழைய நடைமுறைச் சட்டத்தின் கீழ், நடுவர் மன்றங்களில் வழக்கைப் பிடித்த போலீசாரே வழக்கை நடத்தியும் வந்தனர். பிடித்தவன் பிடித்தது சரியென்றுதானே வாதாடுவான்? 1958-இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை, வழக்கு நடத்தும் பணியைப் போலீசிடமிருந்து பிரிக்க வேண்டுமென்று எடுத்துரைத்தது. 1-4-1974 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, நடுவர் மன்றங்களுக்கென உதவி வழக்கு நடத்துநர்களை ஏற்படுத்தியது. புலனாய்வில் பங்கு கொண்ட போலீஸ் அதிகாரி அந்த இடத்தில் நிற்கலாகாது என்றது. அதன் பின்னரும் சில மாநிலங்கள் அவர்களைப் போலீஸ் துறையின் பிடியிலேயே வைத்திருந்தமையால், 1995-இல் ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, மகாராஷ்டிர அரசை அவர்களுக்கெனத் தனித் துறை அமைக்கும்படி பணித்தது. நம் மாநிலத்தில் இப்பதவிக்குத் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வருகிறார்கள். ஆக, காக்கிச் சட்டையின் ஏவலராக அவரைச் சட்டம் வைக்கவில்லை. கட்டைப் படித்து, சான்று உண்டா இல்லையா என்று தம் அறிவால் எடைபோட்டு, உள்ளதை உள்ளபடி மன்றத்தின் முன் வைப்பதற்காகவே அவருக்குச் சம்பளம்.

கொலை வழக்கிலும் கொள்ளை வழக்கிலும் இந்த எடை ஓரளவு நடைபெறுகிறது. ஆனால் நம் மக்கள் 'பெட்டிக் கேஸ்' என்று பெயரிட்டு வைத்திருக்கும் சிறு வழக்கின் வாசலில் அது நின்று போகிறது. பெட்டிக் கடையில் எல்லாச் சரக்கும் ஒரே பலகையில் கிடப்பது போல, இந்தப் பெட்டிக்குள்ளும் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. உரிமம் எடுத்து வர மறந்தவன், குடித்துவிட்டு ஓட்டியவன், வழியில் குறுக்கிட்ட முதியவர் மீது தெரியாமல் உரசிவிட்டவன், பேருந்தை முந்துவதற்காக எதிர்ச்சாரியில் பாய்ந்து ஓர் உயிரைப் போக்கியவன் எல்லோரும் ஒரே காலைப்பொழுதில், ஒரே வரிசையில், ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்லிவிட்டு, ஒரே சன்னலில் பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

தலைக்கவசம் இல்லாததற்கு சாலையிலேயே விதிக்கப்படும் இணக்கக் கட்டணத்தைப் பற்றி நாம் இங்கே வழக்குப் பேச வரவில்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அக்கட்டணங்களை உயர்த்தியபோது எழுந்த கூக்குரலில் நாம் கலந்துகொள்ளவும் இல்லை. கவசம் அணியாதவன் 1,000 ரூபாய் கட்டுவதில் நமக்கு வருத்தமில்லை. மன்றத்திற்குள் வந்து சேர்கின்ற, குற்றம் என்று சட்டம் பெயரிட்ட வழக்குகளே நம் பேச்சு.

நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். மாலை மங்கிய நேரம். தெருவிளக்கு எரியாத சாலை. கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு தம் இருசக்கர வண்டியில் மெல்லத்தான் வந்தார். குறுக்கே வந்த பெரியவர் ஒருவர் இடித்து விழுந்தார், முழங்காலில் சிராய்ப்பு. இளைஞரே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். மருத்துவமனையிலிருந்து செய்தி நிலையத்துக்குப் போக, இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 337 ஆகிய பிரிவுகளின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. பெரியவருக்கு வழக்கு நடத்துகிற எண்ணமே இல்லை. 337-ஆம் பிரிவை, காயம்பட்டவர் மன்றத்தின் இசைவோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது. 279-ஐ அவ்வாறு தனி மனிதர் எவரும் மன்னிக்க முடியாது, அது பொதுமக்களுக்கு எதிரான குற்றம் என்பதால். அப்படியானால் பொதுமக்களின் சார்பில் நிற்பவரன்றோ, 'இவன் வேகமாகவோ அசட்டையாகவோ ஓட்டினான் என்பதற்கு இந்தக் கட்டில் என்ன இருக்கிறது?' என்று கேட்கவேண்டும்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கு எரியாத சாலைக்கு அப்பால் ஒன்றும் அகப்பட்டிராது.

இளைஞரின் கையில் குவைத்து வேலைக்கான கடிதம் இருந்தது. பாஸ்போர்ட்டோ புதுப்பிக்கும் நிலையில் இருந்தது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) உட்பிரிவின்படி, குற்ற வழக்கு மன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். 25-8-1993 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, மன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெற்றால் வழியுண்டு. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. 'ஒத்துக்கொண்டால் இன்றே முடியும். இல்லையென்றால் இரண்டு வருடம் இழுக்கும்' என்பதே அவருக்குக் கிடைத்த சட்டக் கல்வி. இரு பிரிவுகளுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் கட்டிவிட்டு, பெரும் பாரம் இறங்கியதாக எண்ணி வீடு திரும்பினார். பாஸ்போர்ட் வந்தது. ஆனால் வேலை தருவோர் கேட்ட காவல்துறைச் சான்றில், இன்ன வழக்கில் தண்டிக்கப்பட்டவர் என்ற வரி ஏறியிருந்தது. வழக்கு முடிந்தது என்று அவர் எண்ணினார். குற்றவாளியாக முடிந்தது என்பதை எவரும் சொல்லவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

'படித்த பையன், ஏன் ஒத்துக்கொண்டான்?' என்று கேட்பவர்கள் கோவையின் நம் வீடுகளை அறியாதவர்கள். 1997, 1998-ஆம் ஆண்டுகளின் கசப்பைக் கண்ட கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் 'கேஸ்' என்ற சொல் விழுந்தாலே தாய்மார்களின் முகம் வெளுக்கும். எப்படியாவது முடித்துக்கொண்டு வா என்பதே வீட்டின் உத்தரவு. அஞ்சியவனின் ஒப்புதலை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது நீதியாகுமா? குற்ற விவரத்தை எதிரிக்கு எடுத்துச் சொல்லி, அவர் சொல்லும் பதிலைக் கூடியவரை அவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டுமென்று சட்டம் கூறுவது இதற்காகத்தான். 1-7-2024 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கண்டால் காரணம் எழுதி எதிரியை நடுவர் விடுவித்துவிட வேண்டும் என்கிறது. ஆதாரமற்றதென்று நடுவருக்கு யார் சொல்வது? கட்டைக் கையில் வைத்திருப்பவர் சொன்னாலன்றி?

குற்றமற்றவனைப் பற்றி மட்டும் நாம் கண்ணீர் வடிப்பதாக எண்ணிவிட வேண்டாம். மறுபக்கம் இதைவிடக் கொடியது.

டி.வி.எஸ். 50 வண்டியில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் விற்று வந்த ஒருவர், புதிய சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, லாரி மோதி இறந்தார். ஜனாஸா முடிந்து, இத்தா முடிந்து, அவருடைய மனைவி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு நடக்கலானார். ஓராண்டுக்கும் மேல் சென்ற பின்னர் அங்கேதான், வக்கீல் காட்டிய ஒரு தாளிலிருந்து, குற்ற வழக்கு எப்போதோ முடிந்துவிட்டதென்று அவருக்குத் தெரிந்தது. அந்தத் தாளை நாமும் படித்தோம். ஒரே பக்கம். ஏ.பி.பி. ஆஜர். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 304-ஏ பிரிவுக்கு 5,000 ரூபாய் அபராதம், கட்டப்பட்டது. எதிர்ச்சாரியில் லாரி ஏறி வந்ததை நேரில் பார்த்த தேநீர்க் கடைக்காரரின் வாக்குமூலம் கட்டுக்குள்ளேயே இருந்தது. அதை எவரும் மன்றத்தில் எடுத்துச் சொன்னதாக அத்தாளில் ஒரு வரியும் இல்லை. அந்த அம்மையார் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அவங்க பேரையாச்சும் அங்கே யாராவது சொன்னாங்களா?"

இந்த ஒப்புதலால் அவருக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்ட தாள், தீர்ப்பாயத்தில் அலட்சியத்துக்குச் சான்றாகப் பயன்படுகிறது. இழப்பீடு விரைந்து வருகிறது. இதுதான் இந்த ஏற்பாட்டின் தந்திரமே. நிலையத்துக்கு ஒரு கட்டு குறைகிறது. மன்றத்துக்கு ஓர் எண் குறைகிறது. ஓட்டுநர் சிறை தப்புகிறார். குடும்பத்துக்குக் காசு வருகிறது. எல்லோருக்கும் ஏதோ கிடைப்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்து அதே சாலையில் வரப்போகிறவனுக்கு மட்டும் ஒன்றும் கிடைப்பதில்லை. அவன் சார்பில் பேசுவதற்குத்தானே அரசு ஒருவரை அமர்த்தியிருக்கிறது?

இப்படி ஒத்துக்கொள்ள வைத்து அபராதத்தோடு விடுவது உயர் மன்றங்களின் கண்ணுக்குத் தப்பியதன்று. கர்நாடகத்திலிருந்து சென்ற திப்பசாமி வழக்கில், அலட்சியத்தால் மரணம் விளைவித்த எதிரியைச் சிறிய தண்டனை என்று நம்பவைத்து ஒப்புதல் வாங்கிவிட்டு, பின்பு மேல் மன்றம் தண்டனையைக் கூட்டியதை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கே முரண் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் கடிந்துரைத்தது. நான்கே ஆண்டுகளில், 1987-இல், அதே கர்நாடகத்து இன்னொரு சாலை மரண வழக்கில், அபராதத்தோடு ஓட்டுநரை விட்டதைப் பொறாமல் சிறைத் தண்டனை விதித்தது. 2000-த்தில் அரியானாவின் தல்பீர் சிங் வழக்கில், மிதிவண்டிக்காரரைக் கொன்ற பேருந்து ஓட்டுநருக்கு நன்னடத்தைச் சலுகை தர மறுத்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பது என்ன? எதிரியை ஏமாற்றி ஒப்புதல் வாங்கவும் கூடாது. இறந்தவரை மறந்து தண்டனையைச் சில்லறையாக்கவும் கூடாது.

பேரம் பேசுவதே கூடாதென்றும் சட்டம் சொல்லவில்லை. 2006 முதல் அதற்கென ஓர் அத்தியாயமே நடைமுறைச் சட்டத்தில் உண்டு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்கள் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். அதில் எதிரி, வழக்கு நடத்துநர், புலனாய்வு அதிகாரி, பாதிக்கப்பட்டவர் ஆகியோர் அழைக்கப்பட்டு, ஒன்றாக அமர்ந்து, இழப்பீடு உட்பட எல்லாவற்றையும் பேசி முடிவு காணவேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் வராந்தாவில் ஐந்து நிமிடத்தில் முடிகிற பேரத்துக்கு நடத்துநர் கட்டைப் படிக்க வேண்டியதில்லை, விதவையை அழைக்க வேண்டியதில்லை. எனவே வராந்தா வென்றது. அத்தியாயம் அச்சில் உறங்குகிறது.

நமக்கு நெருங்கிய மூத்த வழக்கறிஞர் ஒருவர், இதைப் படித்துக் காட்டியபோது சினந்தார். "ஒரே நடத்துநர் இரண்டு மன்றங்களைப் பார்க்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு தெரியுமா? எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் கொலைக் கேஸ் சாட்சி காத்திருந்துவிட்டுப் போய்விடுவான்" என்றார். அவர் சொல்வதில் பொய்யில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள்; 17,884 பேர் இறந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. விபத்தின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம் முதலிடம். ஆனால் சுமை மிகுந்தது என்பது ஆளைக் கூட்டுவதற்குக் காரணமாகுமே தவிர, படிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. மேலும் நாம் கேட்பது எல்லாக் கட்டையும் வரி வரியாகப் படிப்பதன்று. ஒப்புதல் பதிவாகுமுன் கால் மணி நேரம்: இது உரசலா, உயிர்ப்பலியா? குடியா, இருளா? முதற்குற்றமா, வழக்கமா? இந்த மூன்று கேள்விகள் போதும். குடித்து ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இணக்கக் கட்டணத்தோடு முடிக்க விடாமல் மன்றத்துக்கே அனுப்புகிறது. முதன்முறைக்கு ஆறு மாதம் அல்லது 10,000 ரூபாய், மறுமுறைக்கு இரண்டாண்டு அல்லது 15,000 என்று பிரித்தும் வைத்திருக்கிறது. பழைய தண்டனையை எடுத்துக் காட்ட ஒருவர் இல்லையென்றால், பத்தாவது முறை பிடிபட்டவனும் முதன்முறைக்காரன்தானே?

இன்னொரு சாரார், 'சட்டம் கடுமையானால் எல்லாம் சரியாகும்' என்பார்கள். சட்டத்தின் கதையைப் பாருங்கள். அசட்டையாக வண்டி ஓட்டுவதற்கு 1860-இல் மெக்காலேயின் சட்டம் வைத்த உச்ச அபராதம் 1,000 ரூபாய். அன்றைக்கு அது ஒரு சொத்து. 2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவிலும் அதே 1,000 ரூபாய்தான். தலைக்கவசத்துக்கும் அதே விலை! அலட்சிய மரணத்துக்கு 1870-இல் சேர்க்கப்பட்ட 304-ஏ பிரிவின் இரண்டாண்டு, இப்போது 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டாகியிருக்கிறது. மோதிவிட்டு, தெரிவிக்காமல் ஓடுகிறவனுக்குப் பத்தாண்டு என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 சனவரியில் நாடெங்கும் லாரிகள் நின்றன. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. லாரித் தொழிலையே உயிராகக் கொண்ட நாமக்கல்லும் சங்ககிரியும் உள்ள கொங்கு நாட்டில், ஓட்டுநரின் அச்சத்தையும் நாம் அறிவோம். கும்பல் அடிக்கும் என்று ஓடுகிறவன் எல்லோரும் கொலைகாரனல்லன். எவன் அஞ்சி ஓடினான், எவன் துணிந்து ஓடினான் என்று பிரிப்பவர் இல்லாத மன்றத்தில், பத்தாண்டு என்பதும் பயமுறுத்தி ஒப்புதல் வாங்க இன்னொரு கருவியாகத்தான் முடியும்.

தண்டனை ஐந்தாண்டானதில் பலர் கவனிக்காத ஒரு பயன் உண்டு. இரண்டாண்டு வரையான குற்றம் சம்மன் வழக்கு. அதற்கு மேற்பட்டது வாரண்டு வழக்கு. ஆகவே சாலை மரணம் இப்போது வாரண்டு வழக்காகிவிட்டது. குற்றச்சாட்டு வனையுமுன் காவல் அறிக்கையைப் பரிசீலிக்கவும், அதில் அரசுத் தரப்புக்குப் பேச வாய்ப்பளிக்கவும் வேண்டும். நடத்துநருக்கு அங்கே ஓர் இருக்கையைச் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் அதே புதிய சட்டம் இன்னொரு கையால் என்ன செய்தது தெரியுமா? வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்குப் பணி பிரிக்கும் 20-ஆம் பிரிவில், ஏழு முதல் பத்தாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள வழக்குகளில் துணை இயக்குநர் காவல் அறிக்கையை ஆராய்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஏழாண்டுக்குக் குறைந்தவற்றை உதவி இயக்குநர் 'கண்காணிக்க' வேண்டும்; அவ்வளவே. ஆராய வேண்டும் என்ற சொல் அங்கே இல்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்களை விழுங்குகின்ற குற்றம், ஆராயத் தேவையில்லாத அடித்தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. 20-2-2020 அன்று அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தில் கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் மாண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஒருவர் ஒருவராக இறந்தால் அது பெட்டிக்குள் போய்விடுகிறது.

தண்டனை போதாது என்று பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாமே என்பீர்கள். முடியாது. விடுதலையையோ, குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததையோ, இழப்பீடு குறைந்ததையோ எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2009-இல் சட்டம் அவருக்கு உரிமை தந்தது. தண்டனை குறைவு என்பதற்கு அந்த உரிமை இல்லையென்று 2020-இல் உச்ச நீதிமன்றம் பர்விந்தர் கன்சல் வழக்கில் தெளிவாக்கிற்று. அந்தக் கதவின் திறவுகோல் அரசிடம் மட்டுமே. நடத்துநர் எழுதி அனுப்பினால்தான் அரசுக்குத் தெரியும். 5,000 ரூபாயில் முடிந்ததைத் தாமே கேட்டுக்கொண்டு நின்றவர், போதவில்லை என்று எழுதுவாரா?

நம் மீதும் பழி உண்டு. மையத்து வீட்டுக்கு வரும் பெரியவர்கள், 'களா கத்ர், வழக்கெதற்கு?' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விதியை நம்புவது வேறு. எதிர்ச்சாரியில் லாரி ஓட்டியவனை விசாரிக்க வேண்டாம் என்பது வேறு. தவறுதலாக உயிர் போக்கியவனுக்கும் இரத்த ஈட்டை விதித்த மார்க்கம், என்ன நடந்தது என்று அறியாமலே அதை விதிக்கவில்லை. பெருநாள் இரவில் பதினாறு வயது மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து அழகு பார்க்கிற தந்தையரையும் நாம் அறிவோம். மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி அவன் குற்றம் செய்தால் தந்தைக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பிறகு 'எப்படியாவது முடித்துவிடுங்கள்' என்று வராந்தாவுக்கு ஓடுவதும் அதே தந்தையர்தாம்.

ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டைக் காப்பது போல் இதற்கும் ஒரு பதிவேடு வைக்கலாம். மஹல்லாவில் எவர் மீது வாகன வழக்கு வந்தாலும், எவர் சாலையில் இறந்தாலும், குற்ற எண்ணும் மன்றமும் வாய்தாத் தேதியும் அதில் ஏறட்டும். புலனாய்வு எந்நிலையில் உள்ளதென்று 90 நாளுக்குள் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டிய கடமை இன்று போலீசுக்கு உண்டு. அந்தத் தகவலைக் கேட்டு வாங்கட்டும். பாதிக்கப்பட்டவர், வழக்கு நடத்துநருக்குத் துணையாகத் தம் வக்கீலை அமர்த்திக்கொள்ள மன்றத்தின் இசைவைக் கேட்கலாம்; ஒப்புதல் பதிவாகுமுன் தம்மையும் கேட்க வேண்டுமென்று அவர் மூலம் மனுப் போடலாம். எதிரியாக நிற்பவர் வீட்டிலிருந்து ஒருவர், 'குற்றம் என்னவென்று முதலில் படித்துக் காட்டுங்கள்' என்று பணிவோடு கேட்கலாம். மாவட்டத்தில் வழக்குத் தொடர்வுத் துறையின் உதவி இயக்குநர் என்றொருவர் இருக்கிறார். வாகன மரண வழக்குகள் எத்தனை ஒப்புதலில் முடிந்தன, எத்தனையில் இறந்தவர் குடும்பம் அழைக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவரைக் கேட்கலாம். அந்தத் துணி வியாபாரியின் மனைவிக்காக நாம் அந்த மனுவை எழுதி, பத்து ரூபாய் முத்திரையும் ஒட்டி வைத்திருக்கிறோம். இந்த இதழ் அச்சேறும் வாரத்தில் அது தபாலில் சேரும்.